வலது கைக்கு ஒரு கோப்பை

எங்கள் வீட்டுக்கு யாராவது வந்தால் நான்தான் டீ போடுவேன். கொஞ்ச நாள் முன்பு வரை, ஐந்து பேர் உட்கார்ந்திருந்தால் நாலு டீதான் போடுவேன். என் மனைவிக்குக் கிடையாது. "நான் இப்பத்தான் குடிச்சேன்" என்று அவள் முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள். அவள் குடித்திருக்க மாட்டாள். அது எனக்கும் தெரியும், என் மகளுக்கும் தெரியும். வந்தவர்கள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு அவளுக்கு மட்டும் தனியாகப் போடுவேன். நானோ மகளோ டம்ளரைப் பிடித்துக்கொள்ள, அவள் குடிப்பாள்.

பிள்ளைகளே, இது ஒரு கோப்பை செய்த கதை. அந்தக் கோப்பை எதற்கு என்று தெரிந்தால்தான் மற்றது விளங்கும், அதனால் இதை முதலில் சொல்லிவிட்டேன்.

எனக்குச் சொந்த ஊர் காரைக்கால். பதினான்கு வருஷமாக வியட்நாமில், சைகோன் நகரில் பரோட்டா மாஸ்டர். பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. பென் தான் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. ரெண்டு வருஷத்துக்கு முன்பு என் மனைவிக்கு வாதம் வந்து வலது காலும் வலது கையும் விழுந்துவிட்டன. கால் ஆறு மாதத்தில் திரும்பி வந்தது. கை வரவில்லை. விரல்கள் ஒரு சாத்துக்குடியைப் பிடித்திருப்பது போல மடங்கி அப்படியே நின்றுவிட்டன. கொஞ்சம் இறுக்க முடியும், விரிக்க முடியாது.

இடது கை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இடது கையால் அவள் குடிக்க மாட்டாள். வலது கையால் சாப்பிட வேண்டும், வலது கையால் குடிக்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து பழகியது. உடம்புக்கு முடியாதவர்களுக்கு அது குற்றமில்லை என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொல்லிவிட்டார்.

"அவங்க சொல்லிட்டாங்க. இடது கை வாய்க்கிட்டப் போக மாட்டேங்குதே, நான் என்ன செய்ய?" என்றாள்.

சோற்றுக்குக் கரண்டிக் காம்பில் துணி சுற்றிக் கொடுத்தோம். அது எப்படியோ பழகிவிட்டது. சூடான டீதான் பழகவில்லை. இந்த ஊரில் எதைக் கேட்டாலும் ஸ்ட்ரா போட்டுத் தருவார்கள். என் மகள் ஒருநாள் டீயில் ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தாள். நாக்கு வெந்துபோய், "கரும்புச் சாறாடி இது?" என்று அவள் அம்மா சத்தம் போட்டாள்.

இப்படி இருக்கும்போது அவளுடைய அக்கா போன் செய்தாள். எங்கள் பக்கத்தில் அக்காவை லாத்தா என்போம். சிங்கப்பூரில் இருக்கும் மகனைப் பார்க்க ஐந்து மாதத்தில் வருவதாகவும், அப்படியே சைகோனுக்கு வந்து ஒரு வாரம் தங்குவதாகவும் சொன்னாள்.

"கை எப்படிடி இருக்கு?"

"நல்லாயிருச்சு லாத்தா. நேத்துகூட தேங்கா துருவினேன்."

போனில் முகம் தெரிகிறது அல்லவா, துப்பட்டாவால் கையை மூடிக்கொண்டுதான் பேசினாள். போனை வைத்ததும் மகள் கேட்டாள், "ஏம்மா, தேங்காயா? ஒரு சின்னப் பொய்யாச் சொல்லக்கூடாதா?"

என் மனைவி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "லாத்தா ஊருல இருந்துக்கிட்டு ரெண்டு வருஷமா எனக்காக அழுவுது. அது வந்து உக்காரும்போது ஒரு டீய நானே எடுத்துக் குடிச்சேன்னா போதும். மத்ததை நான் சமாளிச்சுக்குவேன்" என்றாள்.

அன்றிலிருந்து நான் கோப்பை தேட ஆரம்பித்தேன். நாலு விரலும் மடங்கிய வாக்கிலேயே உள்ளே போகிற மாதிரி அகலமான பிடி வேண்டும். கடைகளில் உள்ள கோப்பைகளின் பிடியில் ஒரு விரல்தான் போகிறது. பிளாஸ்டிக்கில் ஒன்று கிடைத்தது. "ஆஸ்பத்திரி வாடை அடிக்குது" என்று தள்ளிவிட்டாள். கடைசியில் சந்துமுனைக் கடையில் கனமான கண்ணாடியில் பெரிய பிடியோடு ஒன்றைப் பார்த்து ஆசையாக வாங்கி வந்தேன். மகள் அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அத்தா, இது பீர் குடிக்கிற கிளாஸ்!"

"பீர் குடிக்கிறதுல எனக்கு டீயா? எங்க லாத்தா முன்னாடி? நல்லாத்தான் தேடுறீங்க!" என்றாள் மனைவி. அதைத் தூக்கவும் அவளால் முடியவில்லை. இப்போது அதில் நான் கரண்டிகளைப் போட்டு வைத்திருக்கிறேன்.

ஒரு நாள் தாவோ தியென் பக்கம் ஒரு வீட்டில் பிறந்தநாள் விருந்து. அங்கேயே கல்லைப் போட்டுப் பரோட்டா சுட்டுக் கொடுக்கப் போயிருந்தேன். திரும்பும்போது நல்ல மழை. ஒரு கடை வாசலில் ஒதுங்கினேன். உள்ளே அலமாரி முழுக்க மண் கோப்பைகள், கிண்ணங்கள், ஜாடிகள். நடுவில் ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. முப்பது வயது இருக்கும் ஒரு பெண் அதன் முன்னால் உட்கார்ந்து, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிப் பேசிக்கொண்டே, கையில் ஒரு ஜாடியை எழுப்பிக்கொண்டிருந்தாள். மண் அவள் விரலுக்குள் தானாக வளர்வது போல இருந்தது. நான் மழை விட்டதைக்கூடக் கவனிக்கவில்லை. கடையில் நான் பரோட்டா வீசும்போது ஜனங்கள் ஏன் அப்படி வாயைத் திறந்து பார்க்கிறார்கள் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அவள் போனை வைத்ததும் எனக்குத் தெரிந்த மார்க்கெட் வியட்நாமியில் கேட்டேன். முகம் தெரியாத பெண்களையும் டீச்சர்களையும் இங்கே 'கோ' என்று கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

"கோ, ஒரு கோப்பை செஞ்சு தரணும். பிடி பெரிசா இருக்கணும்."

"யாருக்கு, சூ?" என்றாள். சூ என்றால் சித்தப்பா.

விஷயத்தைச் சொன்னேன். மனைவியின் விரல் எப்படி மடங்கியிருக்கும் என்று காட்டச் சொன்னாள். காட்டினேன். மறுபடி காட்டச் சொன்னாள். மறுபடியும் ரெண்டு தடவை காட்டினேன்.

"மூணு தடவை காட்டுனீங்க, மூணும் வேற வேற மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். "அந்தக் கையை நான் பார்த்ததில்லை. நீங்க தினமும் பாக்குறீங்க. அதனால நீங்களே செய்யுங்க. திங்கட்கிழமை காலையில வகுப்பு இருக்கு."

"நானா? நான் பரோட்டா போடுறவன் கோ."

"அப்ப பிசையத் தெரியுமே. பாதி வேலை முடிஞ்சுது."

திங்கள் எனக்கு விடுமுறை நாள். பென் தானில் மெட்ரோ ஏறி, ஆற்றுக்கு மேலே போகும்போது ஜன்னல் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். ஐம்பது வயதில், எட்டாவதோடு நின்றுபோனவன், பள்ளிக்கூடம் போகிறான். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பிசையத் தெரியும் என்ற தைரியமும் இருந்தது. அந்தத் தைரியம்தான் பிறகு என்னைக் கவிழ்த்தது.

வகுப்பில் எனக்குப் பக்கத்துச் சக்கரத்தில் உட்கார்ந்தவர் ஒரு வியட்நாமியப் பல் டாக்டர். அவரும் அன்றுதான் சேர்ந்தார். வாய் ஓயாமல் பேசுகிறவர். "நாள் முழுக்க எனக்கு முன்னாடி எல்லாரும் வாயைத் திறந்து வச்சிருப்பாங்க, ஒருத்தரும் பேச மாட்டாங்க. அதனாலதான் இங்க வந்தேன்" என்றார்.

ஆளுக்கு ஒரு கட்டி மண் கொடுத்தார்கள். சாம்பல் நிறத்தில், தொட்டால் குளுகுளுவென்று இருந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லி ஆரம்பித்தேன். மைதா மாவை என்ன செய்வேனோ அதையே செய்தேன். ஓங்கி அடித்தேன், இழுத்தேன், மடித்தேன், மறுபடி அடித்தேன். பிறகு தட்டி நீட்டி, சேலைக்குக் கொசுவம் வைப்பது போல மடிப்பு மடிப்பாகச் சேர்த்து, சுருட்டி, உருண்டையாக வைத்தேன். டாக்டர் கை தட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பழக்க தோஷத்தில், "கோ, எண்ணெய் எங்கே?" என்று வேறு கேட்டுவிட்டேன்.

"ச்சோய் ஓய்!" என்றாள் டீச்சர். நம் ஊரில் ஆண்டவனே என்கிற மாதிரி இவர்கள் வாயில் எதற்கெடுத்தாலும் வருவது அது. எண்ணெய் பட்டால் மண்ணோடு மண் ஒட்டாதாம். பிறகு ஒரு மெல்லிய கம்பியை எடுத்து என் உருண்டையை நடுவில் அறுத்தாள். உள்ளே வரி வரியாகப் பொந்துகள்.

"சூ, ரொம்ப அழகா இருக்கு. ஆனா இது ரொட்டி, மண் இல்லை. உங்க வேலையில நீங்க காத்தை உள்ளே வைக்கிறீங்க. இங்க காத்தை வெளியே தள்ளணும்."

உள்ளங்கையின் அடிப்பாகத்தால் முன்னே தள்ளி, சுருட்டி இழுத்து, மறுபடி தள்ளி, மண்ணுக்குள் ஒரு குமிழிகூட இல்லாமல் ஆக்குவது எப்படி என்று காட்டினாள். ஆட்டுத் தலை மாதிரி ஒரு வடிவம் வரும். எனக்கு வரவே இல்லை. ஒன்றுமே தெரியாத டாக்டருக்கு அரை மணியில் வந்தது. முப்பது வருஷம் பழகிய என் கைக்கு மூன்று வாரம் ஆயிற்று. ஒன்றும் தெரியாத கை கற்றுக்கொண்டால் போதும். தெரிந்த கை முதலில் மறக்க வேண்டும், பிறகுதான் கற்க முடியும்.

சக்கரம் அதைவிடப் பெரிய சோதனை. சுற்றுகிற தட்டின் நடுவில் மண்ணை ஆடாமல் நிறுத்த வேண்டும். நான் மண்ணைப் பிடித்தால் அது என்னைப் பிடித்து ஆட்டியது. தோள் ஆடியது, தலை ஆடியது. "பல் பிடுங்கும்போது நோயாளி இப்படித்தான் ஆடுவாங்க, அண்ணே" என்றார் டாக்டர். டீச்சர் தன் கையை மண்மேல் வைத்தால் ஒரு மூச்சில் மண் அடங்கிவிடும். பலம் ஒன்றும் இல்லை. முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு, அசையாமல் இருப்பாள். அவள் அசையாததால் மண் அசையாது. அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

அந்த டீச்சரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் கோப்பை கோணும்போது அவள் ஒரு நாளும் தன் கையை வைத்துச் சரிசெய்ததில்லை. குனிந்து பார்ப்பாள். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வாள். கை வைத்துவிடுவோமோ என்று தன்னையே கட்டி வைப்பது போல இருக்கும். நான் கடையில் புதிதாக வருகிறவர்களுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்ததில்லை. "தள்ளு, நான் போடுறேன்" என்பேன். இப்போது யோசித்தால் கூச்சமாக இருக்கிறது.

இன்னொன்று. எங்களுக்குக் காட்டுவதற்காக அவள் ஒரு கோப்பை வனைவாள். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும். உடனே கம்பியை எடுத்து மேலிருந்து கீழாக அதை ரெண்டாக அறுத்துவிடுவாள். முதல் தடவை நான், "ஐயோ, வேணாம் கோ!" என்று கத்திவிட்டேன். அறுத்த பக்கத்தைக் காட்டினாள். சுவர் மேலிருந்து அடிவரை ஒரே கனத்தில் இருந்தது. பிறகு எங்கள் கோப்பைகளையும் நாங்களே அறுக்க வேண்டும். என்னுடையது மேலே அப்பளம், கீழே இட்லி. வெளியே பார்த்தால் தெரியாது. அறுத்தால்தான் தெரியும்.

வாரா வாரம் மகள் வாசலிலேயே பிடித்துக்கொள்வாள். "அத்தா, கோப்பை எங்கே?"

"அறுத்தாச்சும்மா."

"போன வாரமும் அறுத்தீங்க."

"அதுதான் பாடம்."

"அம்மா, அத்தா அங்கயும் போயி கொத்துப் பரோட்டாதான் போடுது!"

என் மனைவி சிரித்தாலும், காலண்டரைப் பார்ப்பதை நான் கவனித்தேன். லாத்தா வர இன்னும் ரெண்டு மாதம் இருந்தது.

எட்டாவது வாரம் நல்லதாக ஒரு கோப்பை எழும்பியது. டீச்சர் குனிந்து பார்த்துவிட்டு, "இதை அறுக்க வேணாம்" என்றாள். பெருநாள் பிறை பார்த்தது போல இருந்தது எனக்கு. அடுத்த வாரம் பிடி வைக்க வேண்டும்.

இங்கேதான் தவறு செய்தேன். பிடி பருமனாக இருக்க வேண்டும், ஆனால் கனக்கக் கூடாது. பருமனாகவும் லேசாகவும் இருக்கிற ஒன்றை முப்பது வருஷமாகச் செய்கிறவன் நான். டீச்சர் வேறொருவரைக் கவனித்துக்கொண்டிருந்தபோது மண்ணை மெல்லிசாகத் தட்டி, கொசுவம் வைத்து மடித்து, சுருட்டி, வளைத்து, மண்குழம்பு தடவி ஒட்டிவிட்டேன். மேலே ஈரக்கையால் நீவினேன். மடிப்பு ஒன்றும் தெரியவில்லை.

டீச்சர் வந்து விரலால் தட்டிப் பார்த்தாள். "பிடி ரொம்பப் பருமனா இருக்கே. நல்லாப் பிசைஞ்ச மண்தானே?"

"ஆமா கோ" என்றேன். பிசைந்த மண்தான். பிசைந்த பிறகு என்ன செய்தேன் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

காய வைத்து, ரெண்டு வாரம் கழித்து எல்லார் சாமான்களோடும் சேர்த்து மின்சாரச் சூளையில் அடுக்கினார்கள். அடுத்த திங்கள் நான் போனபோது டீச்சர் ஒரு தட்டை என் முன்னால் வைத்தாள். அதில் என் கோப்பை துண்டு துண்டாகக் கிடந்தது. பிடியின் ஒரு துண்டை எடுத்துப் பார்த்தேன். உள்ளே ஏடு ஏடாக, பிய்த்துப் போட்ட பரோட்டாவேதான். மேலே காய்ந்தது, உள்மடிப்பில் ஈரம் காயவில்லை. சூடு ஏறியதும் அந்த ஈரம் ஆவியாகி, போக வழியில்லாமல் வெடித்துவிட்டது. என்னுடையது மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. சிதறிய துண்டு டாக்டரின் கிண்ணத்தில் பட்டு அதன் விளிம்பும் பெயர்ந்திருந்தது. அவர் ரெண்டு மாதமாக இழைத்த கிண்ணம்.

நான் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கொசுவம் வைத்ததை, மறைத்ததை, எல்லாம். டாக்டர் கிண்ணத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முன் பல்லு ஒண்ணு உடைஞ்சிருக்கு" என்றார். "அடைச்சிரலாம் அண்ணே. என் தொழிலே அதுதானே? ஆனா ஒண்ணு, எனக்கு ஒரு வேளை நிஜப் பரோட்டா வேணும். வெடிக்காதது."

டீச்சர் சிரிக்கவில்லை. "என்கிட்டச் சொல்லியிருந்தா அறுத்துப் பார்த்திருப்போம், சூ" என்றாள். அவ்வளவுதான் திட்டு. ஆனால் எனக்கு உறைத்தது. பிறகு என் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒன்று சொன்னாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"தப்பு என் பேர்லயும் இருக்கு. அந்தக் கையை உங்களுக்குத் தெரியும்னு முதல் நாள் சொன்னேன். உங்களுக்கும் தெரியாது. தெரிஞ்சவங்க ஒருத்தர்தான். அவங்களைக் கூட்டிட்டு வாங்க."

ஐம்பது வயது ஆளிடம், தான் தப்பாகச் சொல்லிவிட்டதாக ஒரு டீச்சர் சொல்வதை நான் அன்றுதான் கேட்டேன்.

லாத்தா வர ஐந்து வாரம் இருந்தது. வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். மனைவி மாட்டேன் என்றாள்.

"அங்க எல்லாரும் என் கையைத்தான் பாப்பாங்க."

"அம்மா, அங்க எல்லார் கையும் சேறா இருக்கும். எது யார் கைன்னே தெரியாது" என்றாள் மகள்.

"நீ வாயாடி."

"வாயாடிதான். நானும் வரேன். அந்த டீச்சர் பேசுறதை அத்தா பாதிதான் புரிஞ்சுக்கும். மொழி பெயர்க்க ஆள் வேணும்ல?"

பள்ளிக்கூட லீவு நாளாகப் பார்த்து மூன்று பேரும் மெட்ரோவில் போனோம். என் மனைவி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, கையைத் துப்பட்டாவுக்குள் வைத்தபடியே வந்தாள். மெட்ரோ ஓட ஆரம்பித்த பிறகு அவள் அதில் ஏறியது அதுதான் முதல் தடவை.

டீச்சர் கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நன்றாகப் பிசைந்த இளக்கமான மண்ணை ஒரு பேரிக்காய் அளவு எடுத்து, மடங்கிய விரல்களுக்கு நடுவில் வைத்தாள். "அழுத்தச் சொல்லு" என்று மகளிடம் சொன்னாள். என் மனைவி அழுத்தினாள். அவளால் முடிகிற அளவுதான். விரல் இடுக்கில் மண் பிதுங்கியது. பிறகு டீச்சர் சுண்டு விரலில் ஆரம்பித்து ஒவ்வொரு விரலாக, குழந்தை கையிலிருந்து சாவியை எடுப்பது போல, மெல்ல நீக்கி மண்ணை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தாள்.

நாலு விரலின் தடமும் அதில் இருந்தது. கட்டை விரல் உட்காரும் பள்ளம் ஒரு பக்கம். நான் மூன்று மாதமாக என் விரலை மடக்கிக் காட்டிய எந்த மாதிரியும் அது இல்லை. நான் வட்டமாக நினைத்திருந்தேன். அது ஒரு பக்கம் சாய்ந்து, நடுவில் ஒடுங்கி, மாங்கொட்டை போல இருந்தது.

என் மனைவி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரெண்டு வருஷமாகப் பார்க்கப் பிடிக்காமல் துணியால் மூடி வைத்த கை.

"என் கைக்குள்ள இவ்ளோ இடம் இருக்கா?" என்றாள்.

மகள் அதை வியட்நாமியில் சொன்னாள். டீச்சர் தலையாட்டினாள். "கோப்பைக்குத் தேவையான இடம் அவங்க கைக்குள்ளேயே இருக்கு. நாம அதை வெளியே தேடிட்டு இருந்தோம்."

வளையம் மாதிரிப் பிடி வேண்டாம், இந்த மண்ணே பிடி என்று முடிவாயிற்று. ஆனால் கெட்டியாக விட்டால் கனக்கும், மறுபடி வெடிக்கும். கொஞ்சம் இறுகியதும் டீச்சர் சொல்லச் சொல்ல, நான் ஒரு சின்னக் கரண்டியால் பின்பக்கத்திலிருந்து உள்ளே குடைந்தேன், விரல் தடம் கலையாமல். அன்றே நான் வனைந்த கோப்பையில் அதை ஒட்டினேன். கடைசியில் டீச்சர் ஊசியைக் கொடுத்து அடியில் ஒரு துளை போடச் சொன்னாள்.

"கோ, காத்து உள்ளே இருக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே?"

"இருக்கலாம் சூ. வெளியே போக வழி விட்டுட்டா இருக்கலாம்."

இந்தத் தடவை நானே, "எல்லாம் பாத்துக்கங்க கோ, நான் எதையும் ஒளிக்கலை" என்றேன். அதற்குத்தான் அவள் சிரித்தாள்.

பதினைந்து நாள் காய்ந்தது. முதல் சூட்டில் வெடிக்கவில்லை. பச்சைப் பூச்சு வேண்டும் என்று மனைவி கேட்டிருந்தாள். அதைப் பூசி ரெண்டாவது சூடு. சூளை திறந்தபோது ஒரு பக்கம் கடல் பச்சையாகவும் மறு பக்கம் பழுப்பாகவும் வந்திருந்தது. "டீக்கறை பிடிச்ச பல்லு" என்றார் டாக்டர். அவர் கிண்ணத்தில் உடைந்த இடத்தை வெள்ளையாக எதையோ வைத்து அடைத்திருந்தார். நான் அன்று பத்துப் பரோட்டாவும் சால்னாவும் கொண்டுபோயிருந்தேன். அவர் தாள் தாளாகப் பிய்த்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ஏன் வெடிச்சதுன்னு இப்பப் புரியுது" என்றபடியே எல்லாவற்றையும் தின்றார்.

ஒரு வாரம் வீட்டில் பச்சைத் தண்ணீர் ஊற்றிப் பழகினாள். முதல் நாள் பாதி மடியில் கொட்டியது. மூன்றாம் நாள் இடது கையை அடியில் அணைத்துக்கொண்டபோது கொட்டவில்லை.

லாத்தா வந்தாள். பெட்டியைத் திறப்பதற்கு முன்னாலேயே, "தம்பி, ஒரு டீ போடுங்க" என்றாள். நாலு டீ போட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு ஆட்களை எண்ணி, ஒன்றுகூடக் குறைக்காமல் போட்ட டீ.

என் மனைவி துப்பட்டாவிலிருந்து கையை எடுத்தாள். பிடியில் விரல்கள் உட்கார்ந்தன. இடது கை அடியில். தூக்கினாள். ஒரு வாய், ரெண்டு வாய். கொஞ்சம் தாடையில் வழிந்தது, தோளால் துடைத்துக்கொண்டாள்.

"இது என்னடி கோப்பை, கோணலும் மாணலுமா? எங்கே வாங்குனே?" என்றாள் லாத்தா.

"வாங்கலை. உங்க தம்பி செஞ்சாங்க. எனக்குன்னு அளவெடுத்து."

"எங்கே கொண்டா பாப்போம்." லாத்தா அதை வாங்கி வலது கையால் பிடிக்கப் பார்த்தாள். விரல்கள் தடத்தில் உட்காரவில்லை. இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். கோப்பை அவள் கையில் நழுவியது. இடது கையால் பிடித்துக்கொண்டாள். பிறகு கோப்பையைப் பார்த்தாள். பிறகு தங்கை கையைப் பார்த்தாள்.

மத்ததைச் சமாளித்துக்கொள்வேன் என்று சொன்னவள் ஏதாவது சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். அவள் கையை மூடவில்லை. மேசைமேல் அப்படியே வைத்திருந்தாள்.

"தேங்கா துருவலை லாத்தா" என்றாள்.

"அது தெரியுதுடி. போன்ல அவ்ளோ பெரிய பொய்யைச் சொன்னியே, படுபாவி." லாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு கோப்பையைத் தங்கை விரல்களுக்குள் திருப்பி வைத்தாள். அது தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. "குடி, ஆறிப் போவுது."

ஆறித்தான் போயிருந்தது. அவள் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். பிறகு ரெண்டு பேரும் மத்தியானம் வரை பேசிக்கொண்டே இருந்தார்கள். நடுவில் லாத்தா எட்டிப் பார்த்து, "தம்பி, எனக்கும் ஒண்ணு செஞ்சு தாங்களேன், ஊருக்குக் கொண்டுபோறேன்" என்றாள். நான் இன்னும் படிக்கிறவன்தான், ஒரு கோப்பைதான் தேறியிருக்கிறது என்றேன். அவள் நம்பவில்லை.

அதுதான் உண்மை. இப்போதும் திங்கட்கிழமை போகிறேன், பாதியை அறுக்கிறேன். அந்தப் பச்சைக் கோப்பையை வீட்டில் நான்தான் கழுவுவேன். சோப்பு நுரையில் அது என் கைக்கு அடங்காது, வழுக்கும். என் விரல்களை அவள் விரல் மாதிரி மடக்கிக்கொண்டால்தான் பிடிபடும்.